தார் படாத பாதை

இதை வாசிக்கும் உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன். நடுவராக அழைக்கவில்லை. பேச்சுப்போட்டி நடுவர்களை நான் நன்கு அறிவேன். எட்டாம் வகுப்பு தொடங்கி இன்றுவரை அவர்கள் முன்னால் நின்றுதான் வளர்ந்திருக்கிறேன். எந்தச் சொல்லுக்கு அவர்கள் தலை நிமிரும், எந்த இடத்தில் அவர்கள் பேனா நகரும் என்பது எனக்குத் தெரியும். உங்களிடம் மதிப்பெண் கேட்கப்போவதில்லை. ஓர் ஐப்பசி ஞாயிற்றுக்கிழமைக் காலையில், தைலமரக் காட்டுக்குள், பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில் என் பக்கத்தில் வந்து நில்லுங்கள். நான் பேசியதைக் கேளுங்கள். அதன்பிறகு நடந்ததைப் பாருங்கள்.

நாங்கள் மூன்று பேர். முதுகலைத் தேர்வை எழுதி முடித்துவிட்டு, வரும் வரும் என்று சொல்லப்பட்ட ஒரு பணிநியமனக் கடிதத்துக்காகப் புதுக்கோட்டையில் பெற்றோர் வீட்டில் காத்திருந்தவன் நான். காத்திருந்தேன் என்று எழுதுவது மரியாதைக்காக. உட்கார்ந்தால் முழங்கால் ஆடும். நின்றால் கை எதையாவது தேடும். சாப்பிடும்போது பாதியில் எழுந்து வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்துவிட்டு வருவேன். மேடையில் நிற்கும் சில நிமிடங்களும், இரண்டு சக்கரத்தின் மேல் செம்மண் பாதையில் போகும் நேரமும்தான் என் உடம்பு என் சொல்லைக் கேட்ட வேளைகள். மேடைகளைப் பற்றி அடக்கமாகப் பேச எனக்கு வராது. நான் வெறுங்கையோடு இறங்கிய மேடைகள் குறைவு. அந்தக் கோப்பைகளுக்காக நான் கண்விழித்திருக்கிறேன்.

இரண்டாமவன் கட்டுமாவடிக்காரன். அவனுடைய வாப்பா கரையில் மீன் ஏலம் எடுப்பவர். வளைகுடாவில் இருக்கும் அண்ணன் விடுமுறைக்கு வந்தபோது ஆசையாக வாங்கி, திரும்பிப் போகும்போது இவனிடம் விட்டுப்போன உயரமான காட்டுப்பாதை மோட்டார்சைக்கிள் ஒன்று அவனிடம் இருந்தது. கடலோரத்தில் பிறந்தவனுக்குக் காட்டின்மேல் அப்படி ஒரு பைத்தியம். மூன்றாமவனை மேஸ்திரி மகன் என்றே சொல்கிறேன். அவனுடைய அப்பா ஆள் திரட்டிப் போய்த் தைலமரம் வெட்டிக் கொடுக்கும் மேஸ்திரி. குன்றாண்டார்கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். மரம் ஏற்றி, ரம்பம் ஏற்றித் தேய்ந்துபோன அப்பாவின் நூறு சி.சி. வண்டிதான் அவனுக்கு. எங்கள் மூவரில் மெதுவாகப் பேசுபவன் அவன். ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால், நடுவில் நின்று, சரியான சொல் வரும்வரை காத்திருந்து, பிறகுதான் முடிப்பான்.

அந்த ஐப்பசியில் அவனுக்கு ஒரு காரியம் இருந்தது. காவலர் பணிக்கான எழுத்துத் தேர்வில் மூன்றாவது முயற்சியில் தேறியிருந்தான். அடுத்து உடற்தகுதித் தேர்வு: ஓட்டம், கயிறு ஏறுதல், நீளம் தாண்டுதல். அதற்குப் பதினெட்டு நாள் பாக்கி. இதைத் தவறவிட்டால், இன்னும் ஒரே ஒரு முறைக்குத்தான் வயது இடம் கொடுக்கும். நாள்தோறும் விடியுமுன் கிரவுண்டுக்குப் போய் ஓடிக்கொண்டிருந்தான்.

எங்களுக்குப் பொதுவாக ஓர் இலட்சியம் இருந்தது. குன்றாண்டார்கோவிலில் புறப்பட்டுச் சித்தன்னவாசல் மலையடிவாரம் வரை, சக்கரம் தாரைத் தொடாமல் போய்ச் சேரவேண்டும். அதற்கு முன் மூன்று ஞாயிறுகள் முயன்று, ஒருமுறை முள்வேலியிலும், ஒருமுறை கல்குவாரிப் பள்ளத்திலும், ஒருமுறை ஒரு கல்யாணப் பந்தலிலும் போய் முட்டித் திரும்பியிருந்தோம். நடுவில் திருச்சி நெடுஞ்சாலை வேறு குறுக்கே கிடக்கிறது. சாலையில் செல்வது வேறு, சாலையைக் கடப்பது வேறு. எஞ்சினை அணைத்துத் தள்ளிக்கொண்டு குறுக்கே போனால் தாரைத் தொட்டதாகாது என்று நான் வாதாடி வென்றேன். மூவரும் வண்டிகளை வரிசையாகத் தள்ளிக்கொண்டு போனபோது பேருந்துக்கு நின்ற ஒருவர் கேட்டார்: "ஏந்தம்பி, மூணு வண்டியும் ஒரே நேரத்துலயா ரிப்பேரு?"

வழியில் பாதை பிரியும் இடங்களுக்காக எங்களிடம் ஒரு விதி உண்டு. விதியை எழுதியவன் நான். பாதை இரண்டாகப் பிரிந்தால் இருவர் எழுந்து, ஆளுக்கு ஒரு நிமிடம், ஆளுக்கு ஒரு பாதைக்காகப் பேசவேண்டும். கட்டுமாவடிக்காரன் நடுவர். நேரம் முடிந்தால் ஹாரன் அடிப்பான். தீர்ப்பு வந்தபின் மறுபேச்சு கிடையாது. முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு பின்னால் வருவதைத் தவிர்க்க, தோற்றவன்தான் வென்றவனின் பாதையில் முன்னால் போகவேண்டும். தீர்ப்பை ஏற்றதற்கு அதுவே அடையாளம். இவ்வளவு நேர்த்தியான விதியை எந்த மன்றத்திலும் நான் கண்டதில்லை என்று அப்போது நினைத்தேன். மற்றொன்றையும் சாட்சிகளிடம் மறைக்கக்கூடாது: அதுவரை நடந்த வழக்குகளில் மேஸ்திரி மகன் ஒன்றில்கூட வென்றதில்லை.

அந்த ஞாயிறு, நாலு நாள் மழைக்குப் பிறகு வெளுத்த வானம். மேஸ்திரி மகன் வீட்டு வாசலில் நாங்கள் வண்டியை நிறுத்தியபோது அவன் ஓடிவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தான்.

"நான் வரலடா," என்றான். "பதினெட்டு நாளுதான் இருக்கு. எங்கிட்டாவது விழுந்து வச்சா..."

"ஓடுற காலுக்கு வாரத்துல ஒரு நாள் ஓய்வு வேணுமா வேணாமா?"

"வேணும்தான்."

"வண்டில உக்காந்து வர்றது ஓய்வா, ஓட்டமா?"

அவன் நடுவில் நின்று சொல் தேடினான். கட்டுமாவடிக்காரன் சிரித்தான். "விடு மாப்ள. இவன் பேசுனா மீனு கரையேறி நடந்து வரும். சட்டையப் போடு, போவோம்."

அவனுடைய ஆத்தா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "ஏப்பா, ஓடி ஓடி இப்பத்தான் ஒரு நெலைக்கு வந்திருக்கான். பாத்துக் கூட்டிட்டுப் போங்க."

"நான் பொறுப்பு ஆத்தா," என்றேன். எவ்வளவு எளிதாக வந்தது அந்தச் சொல்! வண்டியை உதைத்துக்கொண்டே சொன்னேன்.

ஊர் எல்லை தாண்டியதும் எங்களுக்குள் ஓடும் அந்தப் பரபரப்பை எப்படிச் சொல்வேன்? சூரைப் புதர்கள் முழங்காலை உரச, ஈரச் செம்மண் சக்கரத்தில் அப்ப, வரகுக்கொல்லை ஓரம், பாறைத் திட்டின் முதுகு, மறுபடி முள், மறுபடி சரிவு. நின்று நிதானித்துப் பார்க்க ஏராளம் இருந்தது. எனக்கு நிற்கப் பிடிக்கவில்லை. அடுத்த வளைவுக்கு அப்பால் என்ன என்பது ஒன்றே என்னை இழுத்துக்கொண்டு போயிற்று. வளைவு வந்ததும் அது சலித்துப்போய் அதற்கடுத்த வளைவு வேண்டியிருந்தது. நெடுஞ்சாலையைக் குறுக்கே கடந்தோம். தைலமரக் காடு தொடங்கியது. மழையில் நனைந்த இலைவாசம் மூக்கில் ஏறியது.

அங்கேதான் பாதை பிரிந்தது. இடப்பக்கம், மாட்டுத்தடம் ஒன்று வளைந்து கண்மாய்ப் பக்கம் போயிற்று. வலப்பக்கம், இரண்டு மர வரிசைகளுக்கு நடுவே நூல் பிடித்ததுபோல ஒரு நேர்வழி. எனக்கு எது வேண்டியிருந்தது என்று சொல்லத் தேவையில்லை.

மேஸ்திரி மகன் இடப்பக்கத்துக்காகப் பேச எழுந்தான். "அங்கிட்டு வேணாம்டா. உள்ளுக்குள்ள போன மாசம் எங்க ஆளுக வெட்டு முடிச்சாங்க. முடிச்சதும் பொக்லைன விட்டுக் குழி எடுத்துருக்காங்க. நீளநீளமா. மழத்தண்ணி நிக்கிறதுக்கு."

"குழிய நீ பாத்தியா?"

"அப்பா சொன்னாரு."

"நீ பாத்தியான்னுதான் கேக்குறேன்."

"நான்..." நின்றான். "நான் கிரவுண்டுக்குப் போய்க்கிட்டு இருந்தேன்ல. பாக்கல."

அதற்குமேல் எனக்கு என்ன வேண்டும்? கைப்பேசியை உயர்த்திப் பிடித்தேன். "நடுவர் அவர்களே! இது விண்ணிலிருந்து எடுக்கப்பட்ட படம். இந்த நேர்வழியின் இருபுறமும் மரங்கள் நிற்கின்றன. எதிரணி நண்பர் சொல்லும் குழி இதில் எங்கே இருக்கிறது? காதால் கேட்டதை அவர் கொண்டுவந்திருக்கிறார். கண்ணால் காணக்கூடியதை நான் கொண்டுவந்திருக்கிறேன். தார் படாத பாதையைத் தேடிப் புறப்பட்டவர்கள், யாரோ சொன்ன ஒரு பள்ளத்துக்கு அஞ்சி ஊரைச் சுற்றலாமா?" குரலை எங்கே ஏற்றுவது, எங்கே இறக்குவது என்பதெல்லாம் பிசகாமல் அமைந்தது. ஹாரன் ஒலிக்கும் நொடியில் என் கடைசிச் சொல் முடிந்தது.

கட்டுமாவடிக்காரன் படத்தைப் பார்த்தான். பாதையைப் பார்த்தான். "படத்துல குழி இல்லதான், மாப்ள. வலப்பக்கம்."

மேஸ்திரி மகன் வண்டியை வலப்பக்கம் திருப்பினான். விதிப்படி, முன்னால் போனான்.

சாட்சிகளே, இனி வருவதைக் கவனியுங்கள். கொஞ்ச தூரம் மரங்கள் கூடவே வந்தன. பிறகு சட்டென்று வானம் திறந்தது. மரங்கள் இல்லை. முழங்கால் உயரத்துக்கு வெட்டுக் கட்டைகள். அவற்றின் ஓரத்தில் இளந்துளிர்கள். தரையெங்கும் உரித்துப்போட்ட மரப்பட்டையும் காய்ந்த தழையும். என் படத்தில் இதே இடத்தில் மரங்கள் அடர்ந்து நின்றன. படம் பழையது. வெட்டு முடிந்தது என்று அவன் சொன்னது மெய்யென்றால் குழியும் மெய். இந்தக் கணக்கை முடிக்க எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. வேகமாக யோசிப்பதற்கென்றே பழக்கப்பட்ட மூளை இது.

அவனும் வேகத்தைக் குறைத்தான். எனக்கும் அவனுக்கும் நடுவே இருபது, முப்பது அடி இருக்கும். என் இடது கட்டைவிரல் ஹாரன்மேல் போயிற்று. அழுத்தினால் அவன் நிற்பான். நின்றால், நான் தவறு என்று நானே சொன்னதாகும். எங்கள் மன்றத்தில் ஹாரன் என்றால் பேச்சு முடிந்தது என்று பொருள். விரல் அங்கேயே இருந்தது. அழுத்தவில்லை.

அவன் மறுபடி முடுக்கினான். அவனுக்கு முன்னால் பட்டையும் தழையும் பரவிய தரை. அப்படித்தான் எங்களுக்குத் தெரிந்தது. அது தரையில்லை. குழி நிறைய மழைத்தண்ணீர். அதன்மேல் மிதந்தது அத்தனையும். முன்சக்கரம் உள்ளே போயிற்று. வண்டி ஒருமுறை பின்புறம் தூக்கி, பக்கவாட்டில் சாய்ந்து, அவனையும் சேர்த்துக் கரையில் அறைந்தது.

நாங்கள் ஓடிப் போய் வண்டியைத் தூக்கினோம். வலது கணுக்கால் வண்டிக்கும் கரைக்கும் நடுவில் சிக்கியிருந்தது. அது இருக்கவேண்டிய திசையில் இல்லை. அவன் கத்தவில்லை. முகம் மட்டும் வெளுத்தது. நான் பேசத் தொடங்கினேன். சுளுக்காகத்தான் இருக்கும், பதினெட்டு நாள் என்பது நிறைய நாள், ஓட்டப்பந்தய வீரர்களுக்கு இது வழக்கம், என்னென்னவோ. வாய் நிற்கவில்லை.

"கொஞ்ச நேரம் பேசாம இருடா," என்றான்.

அதை அவன் கோபமாகச் சொல்லவில்லை. தண்ணீர் கேட்பதுபோலச் சொன்னான். நான் நிறுத்தினேன்.

"அந்தா அந்தப் பட்டையில கெட்டியா ரெண்டு எடு. இங்கிட்டு ஒண்ணு, அங்கிட்டு ஒண்ணு. துண்டால கட்டு. இறுக்காத." மெதுவாக, நிறுத்தி நிறுத்தி அவன் சொல்ல, நாங்கள் செய்தோம். அவனைக் கட்டுமாவடிக்காரன் வண்டியின் பின்னால் ஏற்றினோம். அவனுடைய வண்டி குழியிலேயே கிடந்தது.

வழியைக் கையால் காட்டினான். வாய் திறக்க அவனால் முடியவில்லை; வலி வந்தபோதெல்லாம் முன்னால் இருப்பவனின் தோளை இறுகப் பிடித்தான், மற்றொரு கையை நீட்டினான். இடப்பக்கம். மறுபடி இடப்பக்கம். அந்த மாட்டுத்தடம். கண்மாய்க்கரை. நான் பின்னால் போனேன். கரையின்மேல் ஏறியதும், தண்ணீருக்கு அப்பால், எதிரே சித்தன்னவாசல் மலை கிடந்தது. கரையிலிருந்து ஒரு வண்டித்தடம் நேரே அதன் அடிவாரத்தை நோக்கி இறங்கியது. தார் கண்ணுக்கெட்டியவரை இல்லை. நாலு ஞாயிறுகளாக நாங்கள் தேடியது இதுதான். கட்டுமாவடிக்காரன் ஒரு நொடி வண்டியை நிறுத்தி அதைப் பார்த்தான். மேஸ்திரி மகனின் நீட்டிய கை தார்ச்சாலைப் பக்கம் திரும்பியது. அந்தப் பக்கம் போனோம், மருத்துவமனைக்கு.

எலும்பு முறிவு. மாவுக்கட்டு. ஆறு வாரம் தரையில் ஊன்றக்கூடாது. அதற்குப் பிறகு நடை, அதற்குப் பிறகுதான் ஓட்டம் என்றார் மருத்துவர். பதினெட்டு நாள் என்று நாங்கள் யாரும் அவரிடம் சொல்லவில்லை.

மாலையில் வீட்டில் கொண்டுவந்து இறக்கியபோது ஆத்தா மாவுக்கட்டைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"மாடு குறுக்க வந்துருச்சு ஆத்தா," என்றான் மேஸ்திரி மகன்.

"என்ன மாடு?"

"செவலை," என்றான் மேஸ்திரி மகன். அதே நேரத்தில் "வெள்ளை," என்றான் கட்டுமாவடிக்காரன்.

"ஒங்க மாடு நெறம் மாறுமாக்கும்?" என்று கேட்டுவிட்டு அவர் என் பக்கம் திரும்பினார். ஒரு மாட்டை நிற்கவைத்து, அதற்குக் கொம்பும் திமிலும் கொடுத்து, யாரும் ஐயப்படாதபடி குறுக்கே ஓடவிட என்னால் முடியும். அன்று நாக்கு எழவில்லை. நான் சொல்லவேண்டிய உண்மையும் அதனோடு சேர்ந்து எழாமல் போயிற்று.

அதன்பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நாள்தோறும் ஏதாவது ஒரு சாக்கில் அவன் வீட்டு வாசலில் போய் நிற்பேன். பழம் கொண்டுபோவேன். அவன் அப்பாவின் ஆட்கள் கயிறு போட்டுத் தூக்கிய வண்டிக்கு முன்சக்கரம் மாற்றிக் கொண்டுவந்தேன். உட்காரச் சொன்னால் உட்காரமாட்டேன்; ஐந்து நிமிடத்தில் கிளம்பிவிடுவேன், மறுநாள் திரும்பவும் வருவேன். நடுவில் ஒரு போட்டி மேடையில் ஏறினேன். பரிசும் வாங்கினேன். மணி அடித்தபோது என் கட்டைவிரல் தானாக மடங்கியதை நான் மட்டும் அறிவேன். வீட்டில் அந்தக் கோப்பை இன்னும் பைக்குள்தான் இருக்கிறது.

பதினெட்டாம் நாள் வந்தது. விடிந்தும் விடியாத நேரத்தில் நான் அவன் வீட்டு வாசலில் நின்றேன். கட்டுமாவடிக்காரன் எனக்கு முன்பே அங்கு வந்து வண்டியில் சாய்ந்துகொண்டிருந்தான். மேஸ்திரி மகன் வாசலில் கயிற்றுக்கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். அவனுடைய ஓட்டக்காலணிகள் கழுவிச் சுவர்மேல் காயவைக்கப்பட்டிருந்தன. இந்நேரம் மைதானத்தில் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

ஆத்தா தேநீர் கொண்டுவந்தார். நான் வாங்கவில்லை.

"ஆத்தா, அன்னைக்கு மாடெல்லாம் ஒண்ணும் வரல. குழி இருக்குன்னு இவன் சொன்னான். நான்தான் பேசிப் பேசி அங்கிட்டுக் கொண்டுபோனேன்." மூச்சை இழுத்தேன். "வெட்டுக்கட்டையப் பாத்தப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, இவன் சொன்னது சரின்னு. ஹாரன்மேல கை வச்சேன். அடிக்கல. அடிச்சா தோத்துருவேன்னு அடிக்கல."

ஆத்தா தேநீர்க் குவளையைக் கட்டிலின் விளிம்பில் வைத்தார். "மாடு இல்லேன்னு அன்னைக்கே தெரியும்ப்பா. மாடா இருந்தா இம்புட்டு நாளும் வாசல்ல வந்து நிக்குமா?" அவ்வளவுதான் சொன்னார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. உள்ளே போய்விட்டார்.

மேஸ்திரி மகன் தன் மாவுக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, வழக்கம்போல நிறுத்தி நிறுத்திச் சொன்னான்: "நானும் பாத்தேன்டா வெட்டுக்கட்டைய. வண்டிய மெதுவாக்கிட்டுக் கண்ணாடியில ஒன்னப் பாத்தேன். கை ஹாரன்ல இருந்துச்சு. இப்ப அடிப்பான்னு நெனச்சேன்." சொல் தேடினான். "நீ அடிக்கல. சரி, நம்மளுக்குத் தெரியாதது இவனுக்கு என்னமோ தெரியும்போலன்னு போயிட்டேன்."

நான் மேடையில் எத்தனையோ மறுப்புரைகளைக் கேட்டிருக்கிறேன். என்னை இப்படி நிற்கவைத்த மறுப்புரை எதுவும் இல்லை. அவன் என் பேச்சில் தோற்றவன் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அவன் என்னை நம்பியிருக்கிறான்.

"நண்பர்களே," என்று தொடங்கிவிட்டேன், பழக்கதோஷம்.

"ஏய்," என்றான் மேஸ்திரி மகன். "மேடை வேணாம். ஒரு நிமிசந்தான் ஒனக்கு."

கட்டுமாவடிக்காரன் ஹாரன்மேல் கையை வைத்துக்கொண்டான். "ஆரம்பி மாப்ள. சுத்தாம சொல்லு."

என் முழங்கால் ஆடவில்லை. குரலை ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை. உள்ளே ஆத்தாவுக்கும் கேட்கவேண்டும் என்பதற்காகக் கொஞ்சம் உரக்கச் சொன்னேன்:

"அடுத்த செலக்சனுக்கு நீ ஓடுவ. கட்டுப் பிரிச்சு, டாக்டரு நடக்கலாம்னு சொன்ன மறுநாள்லேர்ந்து, தெனமும் அஞ்சு மணிக்கு வண்டியோட இந்த வாசல்ல நிப்பேன். வேலைக் கடுதாசி வந்தாலும் நிப்பேன். கிரவுண்டுக்குப் போறப்ப நீ எங்கிட்டுக் கை காட்டுறியோ அங்கிட்டுத் திருப்புவேன். ஏன்னு கேக்க மாட்டேன்."